நெடில் இல்லாத வாக்கியம்

நவம்பரில் ட்ராமில் பையை மறந்து வைத்துவிட்டாள்.
நாற்பது நிமிடம்.
ஓட்டுநர் எடுத்துத் தன் இருக்கைக்கடியில் வைத்திருந்தார்.
ஒன்றும் தொலையவில்லை, குடைகூட.
ஆனால் வெல்கா அன்றிரவு சாப்பிடவில்லை.
அந்த மடிக்கணினியில் பதினேழு பெண்களின்
புது முகவரிகள் இருந்தன,
மூடியைத் திறந்தால் போதும் என்கிற நிலையில்.

லியெபாயாவில் காற்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுகிறவன் சொல்கிறேன்.
இன்று வேலையில்லை, அலை மூன்று மீட்டர்.
அடுப்படி மேசையில் அவள் எல்லாவற்றையும் துடைத்துப்
புதிதாக நிறுவுகிறாள்.
'வட்டு முழுவதையும் அழிக்கவா?'
திரை கேட்கிறது,
இன்னொரு காபி வேண்டுமா என்பது போல.
ஆம் என்கிறாள்.

பிறகு பாகப்பிரிவினை.
போன முறை வேருக்கு இருபது ஜிபி கொடுத்தாள், கஞ்சத்தனம்.
மூன்றே வருடத்தில் வேர் தொட்டியை முட்டி
ஒரு புதுப்பிப்புக்கும் இடமில்லாமல் மூச்சு நின்றது.
இம்முறை அறுபது.
வீட்டுக்கு மிச்சமெல்லாம்.
இடமாற்றுப் பகுதிக்கு எட்டு. அதற்கும் பூட்டு:
"நினைவு நிரம்பினால் அங்கேதான் கொட்டும்.
பகலெல்லாம் வாய்திறக்காதவள்
தூக்கத்தில் உளறின மாதிரி ஆகிவிடும்."

ஒரு சின்னத் துண்டு மட்டும் பூட்டாமல் கிடந்தது.
ஏன் என்றேன்.
"வாசலில் ஒருவன் நின்று
யார் நீ என்று கேட்க வேண்டாமா?
அவனுக்கு வேறெதுவும் தெரியாது.
கேட்க மட்டும் தெரியும்."

கடவுத்தொடர் கேட்டான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பதினேழு பேரும் யாரிடமிருந்து ஒளிகிறார்கள் என்று
அவள் சொன்னதில்லை, சொல்லத் தேவையுமில்லை:
பதினேழு கணவர்கள்.
நானும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறேன்.
விரல் சத்தத்தை எண்ணக் கூடாது, எண்ணக் கூடாது என்று
முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டேன்.

மறுதுவக்கம். கறுப்புத் திரை. கேள்வி.
தட்டினாள். தவறு.
மெதுவாகத் தட்டினாள். தவறு.
மூன்றாம் முறை எழுத்தெழுத்தாக.
ஜன்னல் கண்ணாடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது,
கண்ணை மூடிக்கொண்டேன்.
தவறு.

பிறகு சிரித்தாள், கோபத்தோடு.
வாசல்காரனுக்கு நம் விசைப்பலகை தெரியாதாம்.
தெரிந்தது ஆங்கிலம் ஒன்றே.
நம் நெடில்களின் தலைமேல் கிடக்கிற கோடு
அவன் ஊரில் இல்லை.
சரியான சொல்லைச் சொல்லியும்
தான் கட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

மறுபடி அழி. மறுபடி பங்கிடு.
இம்முறை நெடிலே இல்லாத ஒரு வாக்கியம் வேண்டும்.
எங்கள் லாட்விய மொழியில் அது லேசில்லை.
அம்மா என்றால் நெடில், வீடு என்றால் நெடில்,
நாளை என்றால் நெடில்,
வெளியே அடிக்கிற காற்றுகூட.
பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.
எதையும் எழுதவில்லை.

"ஒரு பூட்டுக்குப் பல சாவி வைக்கலாம்" என்றாள் நடுவில்.
"எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்.
உனக்கு ஒன்று?"
வேண்டாம் என்றேன், யோசிக்காமல்.
பிறகு யோசித்து, மறுபடியும் வேண்டாம்.
உன் அலுவலகத்து ஸெல்மாவுக்குக் கொடு.
தலையாட்டினாள்.
அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்தது.
வலித்ததா என்றால்,
கொஞ்சம்.

பதினோரு மணிக்கு வாசல்காரன் கேட்டான்,
அவள் சொன்னாள், திறந்தது.
நான் கெண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்,
வேண்டுமென்றே குழாயை முழுக்கத் திறந்துவிட்டு.

வில்னிஸ்.
என் பெயரில் நெடில் இல்லை என்பது
கெண்டி நிரம்பிக் கைமேல் வழிந்த பிறகுதான் உறைத்தது.

குழாயை மூடினேன்.